மெஸ் பாக்கி

பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன வாரம் போனில், "தாத்தா, ஹாஸ்டல் சாப்பாடு வாயில வைக்க முடியல. நைட்டு வெளியில ஆர்டர் பண்ணிக்கிறேன்" என்றான். எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். "இருநூறு ரூபா தாத்தா, ஒரு வேளைக்கு" என்றான். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அது நான்கு மாத மெஸ் பில். அந்தக் காலப் பணத்தையும் இந்தக் காலப் பணத்தையும் அப்படியே வைத்து ஒப்பிடக் கூடாது என்பது முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிய எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் போனை வைத்த பிறகு பழைய ஞாபகங்கள் வந்துவிட்டன. அதில் ஒன்றை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

1965 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஜூனில் திருச்சியில் பி.யூ.சி. சேர்ந்தேன். எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன இரண்டாவது ஆள் நான். ஹாஸ்டலில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று ஒன்று உண்டு. இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் முழுக்க அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, சமையல்காரர் சம்பளம் என்று ஆன செலவை எல்லாம் கூட்டி, சாப்பிட்டவர்களின் நாள் கணக்கால் வகுப்பார்கள். வருகிற தொகைதான் அந்த மாத மெஸ் பில். ஊருக்குப் போனால், முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தால், அத்தனை நாளைக்குக் கழிவு உண்டு. இதை 'ரிடக்‌ஷன்' என்போம். சனி, ஞாயிறில் பாதிப் பேர் ஊருக்கு ஓடியதற்கு அம்மா பாசம் மட்டும் காரணமல்ல.

என் முதல் மாதப் பில் 48 ரூபாய் சொச்சம். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஒன்றேகால் வேலி நிலமும் ஆறு பிள்ளைகளும் உள்ள வீடு. நிலத்தில் பாதி ஒத்தியில் இருந்தது.

நாங்கள் படித்த வருஷங்கள் சாப்பாட்டுக்கு மிக மோசமான வருஷங்கள். 1964லேயே அரிசித் தட்டுப்பாடு ஆரம்பித்துவிட்டது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். நெல் எங்கே இருக்கிறதோ அங்கேதானே போவார்கள். அந்த வருஷம் பாகிஸ்தானுடன் போர். திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். ஹோட்டல்கள் திங்கள் இரவு அடைத்துக் கிடந்தன. எங்கள் ஹாஸ்டலிலும் திங்கள் இரவு அடுப்பு மூட்டவில்லை. முதல் இரண்டு வாரம் நாட்டுக்காகப் பட்டினி கிடக்கிறோம் என்ற பெருமிதம் இருந்தது. மூன்றாவது வாரம் கேட்டுக்கு வெளியே நின்ற தள்ளுவண்டி இட்லிக்காரருக்குத்தான் வியாபாரம்.

அடுத்த இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. தஞ்சாவூர்க்காரனுக்குக் கோதுமை என்றால் காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கிற பொருள். அதை உப்புமாவாக, உடைத்துச் சோறாக, சில நாள் என்னவென்றே சொல்ல முடியாத ஒரு கூழாகப் போட்டார்கள். பிறகு ஐ.ஆர்.8 வந்தது. விளைச்சல் அபாரம்தான், நாட்டின் பசியைத் தீர்த்ததும் அந்த மாதிரி நெல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹாஸ்டல் கொப்பரையில் வெந்த ஐ.ஆர்.8 சோறு ஆறிப்போனால் கோலி விளையாடலாம். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்குப் போனது. டாலருக்கும் எங்கள் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று பொருளாதார வகுப்பில் ஒருவன் கேட்டான். வாத்தியார் அரைமணி நேரம் விளக்கினார். மெஸ் பில் அதைவிடத் தெளிவாக விளக்கியது. அந்த வருஷக் கடைசியில் 60ஐத் தாண்டிவிட்டது.

இந்த அரிசிப் பஞ்சம்தான் 1967 தேர்தலில் ஆட்சியையே மாற்றியது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். மே மாதம் ஒரு படித் திட்டம் வந்தது. ஆனால் சென்னைக்கும் கோவைக்கும்தான். திருச்சியில் இருந்த எங்களுக்கு அது பத்திரிகையில் படிக்கிற அரிசி.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வெளியூரில் தங்கிப் படிக்கிற பையன் எங்கே சாப்பிடுவான் என்ற கேள்வி நம் பக்கத்தில் நேற்று வந்ததல்ல. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தெரியும். மாயூரத்தில் மகாவித்துவானிடம் பாடம் கேட்கப் போனவருக்கு முதல் கவலையே ஆகாரம்தான். ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாடு என்று ஒரு வழி இருந்தது. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு வீடு பிடித்துவிட்டால் படிப்பு நடந்துவிடும். ஒரு வீட்டில் சாவோ பிரசவமோ வந்தால் அந்தக் கிழமை பட்டினி. மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு இந்த வழியும் கிடையாது. உறவுக்காரர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் படிப்பு இல்லை.

எங்கள் ஜில்லாவில் சத்திரங்கள் இருந்தன. மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போகும் பாதை நெடுகக் கட்டியவை. ஒரத்தநாட்டில் இருப்பது சரபோஜி மன்னர் தம் காதலி முக்தாம்பாள் நினைவாகக் கட்டியது. 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் பிராமணர் முதல் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு என்றும், சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியாகக் கொடுக்கப்படுகிறது என்றும் சொல்கிறார். அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் வழி இருந்தது. காலப்போக்கில் நிர்வாகம் கைமாறி ஜில்லா போர்டுக்கு வந்தது. 1920களில் ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திர விடுதிகளில் பிராமண மாணவர்களுக்கு மட்டும்தான் இடம் என்ற நிலை. சோற்றுக்கான வருமானம் எல்லோரும் உழுத நிலத்திலிருந்து வந்தது என்பது வேறு விஷயம்.

அதை மாற்றியவர் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம். பிராமணரல்லாத பிள்ளைகளுக்கும் அந்த விடுதிகளைத் திறந்துவிட்டார். (திருவையாற்றில் சமஸ்கிருதம் மட்டும் சொல்லிக் கொடுத்த கல்லூரியில் தமிழையும் கொண்டுவந்தவர் அவர்தான். 1940 மார்ச் 1 அன்று லண்டனுக்குப் போகும் வழியில் அவர் சென்ற விமானம் ஓமன் கடல் பகுதியில் காணாமல் போனது.) கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பையன்களுக்குத் தனிப்பந்தி போட்டது ஊர் உலகமெல்லாம் பேசப்பட்டு, காங்கிரஸையே உலுக்கியது. இன்றைக்கு யோசித்தால் வியப்பாக இருக்கும். ஒரு தலைமுறை அரசியலே பள்ளிப் பிள்ளைகள் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைச் சுற்றி நடந்திருக்கிறது.

அப்படித் திறந்துவிட்ட பிறகு ஒரத்தநாட்டில் தங்கிப் படித்த பையன்களில் என் அப்பாவும் ஒருவர். எட்டாவதோடு நின்றுவிட்டார், ஆனால் அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சாகும்வரை பேசினார். நான் ஒருமுறை கேட்டேன், அங்கே சாப்பாடு எப்படி இருக்கும் என்று. "மொத நாள் சோறு ருசியா இருந்துச்சான்னு ஞாபகம் இல்ல தம்பி. உக்காருன்னு சொன்னாங்க. அதான் ஞாபகம்" என்றார்.

இப்போது ஹாஸ்டலுக்கு வருகிறேன்.

என் அறையில் இன்னொரு பையன். அரியலூர்ப் பக்கம். பெயர் வேண்டாம். அவன் பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், இதெல்லாம் அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. கணக்கில் கெட்டிக்காரன். எனக்கு இன்டெக்ரல் கால்குலஸ் புரிய வைத்தது வாத்தியார் இல்லை, அவன்தான். அவன் தாழ்த்தப்பட்ட வகுப்பு. படிப்புக்கு மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் உண்டு. 1944இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆரம்பித்த திட்டம், நல்ல திட்டம். அதில் சங்கடம் ஒன்றே ஒன்றுதான். மெஸ் பில் மாதாமாதம் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஸ்காலர்ஷிப் பணம் அறுவடை முடிந்து, பொங்கல் முடிந்து, சில வருஷம் பரீட்சைக்கு நோட்டீஸ் போட்ட பிறகுதான் வரும்.

பத்தாம் தேதி தாண்டினால் அபராதம். பதினைந்தாம் தேதி தாண்டினால் டைனிங் ஹால் வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார்கள். 'மெஸ் பாக்கி' என்று தலைப்பு. பட்டியலில் பெயர் வந்தவனுக்கு மறுநாள் காலையிலிருந்து சாப்பாடு நிறுத்தம். வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் நிற்பார். நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். நிர்வாகத்தையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. டிவைடிங் சிஸ்டத்தில் ஒருவன் கட்டாவிட்டால் மற்றவன் தலையில் விழும். ஆனால் பட்டியலில் பணக்கார வீட்டுப் பையன்கள் பெயரும் வரும், அப்பா அனுப்பிய பணத்தில் சினிமா பார்த்தவர்கள். அவர்கள் ஒரு தந்தி கொடுத்து மூன்றாம் நாள் உள்ளே வந்துவிடுவார்கள். இவன் பெயர் மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். மழையில் நனைந்து, காய்ந்து, மசி கலங்கி.

"எனக்கு உறையூர்ல சித்தப்பா வீடு இருக்குடா, அங்க சாப்பிட்டுக்கிறேன்" என்றான். நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதுதான் சரி. ஒரு நாள் சாயங்காலம் தெப்பக்குளம் அருகே போகும்போது, அவன் படியில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து பொட்டுக்கடலையும் வெல்லமும் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கையில் புத்தகம். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. நான் வேறு பக்கமாகப் போய்விட்டேன்.

பொட்டுக்கடலை வெல்லம் என்பது அந்தக் காலத்து ஏழை மாணவர்களின் தேசிய உணவு. பத்துக் காசுக்கு வாங்கி, மேலே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் வயிறு திம்மென்று ஆகிவிடும், ராத்திரி பதினொரு மணி வரை தாங்கும். அடுத்த நிலை பன்னும் டீயும். அதற்கு மேல், மெஸ் டிக்கெட். மலைக்கோட்டையைச் சுற்றி இருந்த சந்துகளில் வீட்டையே மெஸ்ஸாக்கி நடத்தினார்கள். அளவுச் சாப்பாடு 60 காசு. முழுச் சாப்பாடு ஒரு ரூபாய். முப்பது டிக்கெட் சேர்த்து வாங்கினால் இரண்டு இலவசம். டிக்கெட்டைக் கொடுத்துச் சாப்பிட்டு, மாதக் கடைசியில் மீந்ததை நண்பனுக்கு விற்பதும் உண்டு. அளவுச் சாப்பாட்டில் சோறுதான் அளவு, ரசமும் மோரும் கேட்டால் ஊற்றுவார்கள். எனவே கடைசிக் கவளம் சோற்றை வைத்துக்கொண்டு மூன்று தரம் மோர் வாங்குகிற வித்தையில் நாங்கள் தேர்ந்தவர்கள்.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், 1967 ஜூனில், நானும் அவனும் ஹாஸ்டலை விட்டு வெளியே ஒரு ரூம் எடுத்தோம். யோசனை அவனுடையது. கணக்கும் அவனே போட்டான். வாடகை பதினைந்து ரூபாய், ஆளுக்கு ஏழரை. காய்கறிக்குக் காந்தி மார்க்கெட்டில் இருட்டுகிற நேரத்துக்குப் போனால் மிச்சக் காயைக் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அரிசி என் பொறுப்பு, எங்கள் வீட்டிலிருந்து. எண்ணெய், பருப்பு அவன் பொறுப்பு. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், பன்னிரண்டு ரூபாய், ஆளுக்கு ஆறு. அவன் அந்த ஆறு ரூபாயை ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்கு டியூஷன் எடுத்துச் சம்பாதித்தான்.

அரிசி கொண்டுவருவதுதான் பெரிய கதை. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அரிசியை வெளியே கொண்டுபோகத் தடை. பஸ் பாதையில் செக்போஸ்ட், ரயிலில் சோதனை. பூதலூர் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். திருவெறும்பூர் வந்து, அப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பாய்லர் தொழிற்சாலையைப் பார்த்தால்தான் மூச்சு வரும். அதற்குள் எந்த ஸ்டேஷனிலும் ஏறுவார்கள். பெண்கள் இடுப்பைச் சுற்றி நீளப் பையில் அரிசியைக் கட்டி, மேலே சேலையைச் சுற்றி, நிறைமாதக் கர்ப்பிணிபோல உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பெட்டியில் ஏழு கர்ப்பிணிகளைப் பார்த்த நாள் உண்டு. என் அம்மா தலையணைப் பஞ்சை எடுத்துவிட்டு அரிசியைக் கொட்டித் தைத்துக் கொடுப்பார். அதில் ஒருநாள் தலை வைத்துத் தூங்குவதுபோல் நடித்தேன். சோதனைக்கு வந்த போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, தலவாணி ரொம்ப கெட்டியோ" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் படித்திருக்கும்.

காலையில் ஒரே தரம் சோறு. மீந்ததில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலைக்குப் பழையது. ஊர் நார்த்தங்காய், சுண்டைக்காய் வற்றல், பருப்புப்பொடி. ஞாயிற்றுக்கிழமை குழம்பு. அவன் கருவாட்டுக் குழம்பு வைத்தால் தெரு முழுக்க மணக்கும். கணக்கு எழுதி வைத்திருந்தோம். வாடகையும் சேர்த்து ஆளுக்கு மாதம் 31 ரூபாய்க்குள் முடிந்தது. நான் படித்த காலத்தில் வயிறார, நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த எட்டு மாதம்தான்.

1968 பிப்ரவரியில் அவனுக்கு ஸ்காலர்ஷிப் கடிதம் வந்தது. பழுப்புக் கவர். மேலே அரிஜன நலத்துறை என்று அச்சடித்திருந்தது. நாங்கள் இருவரும் கல்லூரியில் இருந்தோம். தபால்காரர் கவரை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் எங்கள் சாதிக்காரர். மரியாதையான மனிதர். அன்று சாயங்காலம் என்னை மட்டும் கூப்பிட்டார். "தம்பி, உங்க மேல ஒண்ணும் கொறையில்ல. கெணத்துத் தண்ணி பொழங்குற எடம் பாருங்க. வீட்டுல பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க. அந்தப் பையன வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க. நீங்க இருங்க" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

அறைக்கு வந்தால் அவன் ஏற்கெனவே டிரங்குப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கவர் மேஜைமேல் இருந்தது. அதைப் பார்த்தபோதே அவனுக்கு விளங்கிவிட்டிருக்கிறது. "நானும் வர்றேன்டா" என்றேன். சொன்ன குரல் எனக்கே பலவீனமாகத்தான் கேட்டது. "நீ இருடா. பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான். ரூம் தேடிக்கிட்டு அலையாத" என்றான். அரிசியில் பாதி எடுத்துக்கொள் என்றேன். "ஸ்டவ் இங்க இருக்கு. வெறும் அரிசிய வச்சு நான் என்ன பண்றது?" என்று சிரித்தான். ஸ்டவ்வை நீயே கொண்டுபோ என்று எனக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை. இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், ஏன் தோன்றவில்லை என்று.

நான் அங்கேயே இருந்தேன். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். பரீட்சை எழுதினேன்.

அந்த மாதம் அரிசிக்காக ஊருக்குப் போனபோது அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர் சொன்னதை, அவன் போனதை. நான் தலையாட்டியதைச் சொல்லவில்லை. அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார். திட்டவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அம்மா தலையணையைத் தைத்துக் கொடுத்தார், எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். ஒரு வாரம் கழித்து அப்பாவின் கார்டு வந்தது. வழக்கம்போல மாடு, நாற்று, தங்கையின் காய்ச்சல் எல்லாம் எழுதி, கீழே இடம் இல்லாமல் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி: 'உன்னுடன் இருந்த தம்பி இப்பொழுது எங்கே சாப்பிடுகிறது என்று எழுதவும்.'

எனக்குத் தெரியாது. வகுப்பில் தினமும் பார்க்கிறேன், கேட்கவில்லை. சர்க்கார் ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது என்று பதில் எழுதிப் போட்டுவிட்டேன்.

1983இல் விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு ராத்திரி அவனைப் பார்த்தேன். பொதுப்பணித் துறையில் நல்ல பதவியில் இருந்தான், தொந்தி போட்டிருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டான். ரயில் ஒரு மணி நேரம் தாமதம். பிள்ளைகள், மாற்றல், பி.எஃப். கடன் என்று எல்லாம் பேசினோம். அந்த இரண்டு மாதம் எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பாதி நாள் தெப்பக்குளம் படிக்கட்டுதான்" என்றான், சாதாரணமாக. பிளாட்பாரத்தில் வடையும் காப்பியும் சாப்பிட்டோம். நான் பையில் கைவிடுவதற்குள் அவன் காசு கொடுத்துவிட்டான்.

ஸ்டவ்வை நான் வேலைக்குப் போன பிறகும் நாலைந்து வருஷம் வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி அதைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டாள். அவன் பங்கு ஆறு ரூபாயை அன்று விழுப்புரத்திலும் நான் கொடுக்கவில்லை.